புதன்கிழமை போய்ப் பாருங்கள்

தாம் கட்டிய மண்டபத்தில், தாம் வாங்கிப் போட்ட நாற்காலியில், தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் அடுக்குமாடி அதிபர் அவர்களே! வீடு வாங்கி விழித்த பெரியோர்களே! வாங்கலாமா என்று கணவர் கேட்கும் முன்பே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்ட தாய்மார்களே! சாவிக்கொத்தோடு கடைசி வரிசையில் காத்திருக்கும் தரகர் பெருமக்களே! அனைவருக்கும் வணக்கம்.

வீட்டு முதலீட்டில் லாபமும் ஆபத்தும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. லாபத்தைத் தலைவர் விளக்கிவிட்டார். மிச்சத்தை நான் பேசுகிறேன்.

என் அக்காவின் கணவர் பழைய வீடுகளை வாங்கிப் பழுது பார்த்து விற்பவர். இரண்டு வீடுகளில் நல்ல லாபம் பார்த்தார். மனிதனைக் கெடுக்கத் தோல்வியா வேண்டும்? இரண்டு வெற்றி போதாதா?

மூன்றாவது வீட்டைத் தரகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டினார். அமைதியான தெரு, அகலமான சன்னல், அடக்கமான விலை! அடுத்த ஞாயிறும் போய்ப் பார்த்தார் அத்தான். மறுபடியும் அதே அமைதி.

"ஏங்க இவ்வளவு கம்மியா சொல்றாங்க?" என்றாள் அக்கா.

"ஓனருக்கு அவசரமாம்."

ஏன் அவசரம் என்று அத்தான் கேட்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு லாபம் வரும் என்று கணக்குப் போட்டார். வராத லாபத்தில் அக்காவுக்கு வாயாலேயே வளையல் தந்தார். எனக்குக்கூட ஒரு கைக்கடிகாரம் தந்தார். பிறகு, குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தை வங்கியில் அடகு வைத்து அந்த வீட்டை வாங்கினார்.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தோம். "டங்!" என்றது சுவர். ஒட்டினாற்போல் இரும்புத் தகடு அடிக்கும் பட்டறை. வாரத்தில் ஆறு நாள் ஓடும். அத்தான் பார்த்தது ஏழாம் நாள்.

யாரங்கே, தரகர் சொல்லவில்லையா என்கிறீர்களா? கேட்காததைச் சொல்ல அவர் என்ன ஐயா, சொந்தக்காரரா?

பெயின்ட் அடித்தார், யாரும் வாங்கவில்லை. தவணை பாக்கி ஏறியது. வங்கியிலிருந்து இரண்டு பேர் வந்து, குடியிருக்கும் வீட்டை வாசலில் நின்று அளவெடுப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்போதுதான் ஒரு நர்ஸ் போன் செய்தார். இரவு வேலை, பகல் தூக்கம், சொந்தமாக ஒரு வீடு வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை வாங்கம்மா, நிதானமா பாக்கலாம்" என்றார் அத்தான்.

அக்கா போனைப் பிடுங்கினாள். "புதன்கிழமை காலையில வாம்மா. நீ தூங்குற நேரத்துக்கு வா."

"உனக்கு மூளை இருக்கா? நம்ம வீடு பேங்க்ல கிடக்கு!"

"தெரியும். அதுக்காக அந்தப் பொண்ணோட தூக்கத்தையும் கொண்டுபோய் அடகு வைக்கணுமா?"

நர்ஸ் புதன்கிழமை வந்தார். பட்டறை அடித்த அடியில், கொடுத்த டீ டம்ளருக்குள்ளேயே ஆடியது. சிரித்தார், நன்றி சொன்னார், போய்விட்டார். அத்தான் பத்து நாள் அக்காவோடு பேசவில்லை. அக்கா அதைப் பெரிய இழப்பாகக் கருதவில்லை. நேரே பட்டறைக்குப் போய், "அண்ணே, சரக்கு வைக்க இடம் வேணுமா?" என்று கேட்டாள். பட்டறைக்காரருக்கு வேண்டியிருந்தது. வாங்கிய விலைக்கே அவரிடம் போனது வீடு. பெயின்டும் வட்டியும் நட்டம். பத்திரம் திரும்பி வந்தது.

"அஞ்சுல ஒரு பங்கு லாபம் போச்சே!" என்றார் அத்தான்.

"அது வரவே இல்லீங்க. போகப் பாத்தது நம்ம வீடு."

அன்பர்களே! எதற்கு லாபம்? வளையலுக்கா? கைக்கடிகாரத்துக்கா? நமக்குத் தெரியாத ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் இருக்குமே, முதலில் அது தரும் நட்டத்தைத் தாங்க! வாங்கும் விலையிலேயே அதற்கு இடம் விட வேண்டாமா? விற்கப்போகும் கூரைக்காக, படுத்துறங்கும் கூரையைப் பணயம் வைக்கலாமா? நம்மை ஏமாற்றிய அமைதியை இன்னொருவர் தலையில் கட்டலாமா?

இன்று முன்பதிவு செய்தால் மட்டும் தள்ளுபடி என்று தலைவர் அறிவித்திருக்கிறார். பெருந்தன்மை! இன்று என்ன கிழமை? தாய்மார்கள் சிரிக்கிறார்கள்.

தலைவர் அவர்களே, தங்கள் கட்டடம் உறுதியானது. மூன்று நாள் தாங்கும். புதன்கிழமை வருகிறோம், குடும்பத்தோடு. கைதட்டிய கைகளுக்கும், தட்டாமல் பையைப் பிடித்துக்கொண்ட கைகளுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!