குப்பை வண்டிப் பாட்டோட மிச்சம்

...அதான் சொல்றேன், மெதுவாப் போற பாட்டெல்லாம் சுலபம்னு எவனோ ஒருத்தன் கிளப்பி விட்டுட்டான்மா, எல்லாரும் அதை நம்பிக்கிட்டு வந்து பியானோ முன்னாடி உக்கார்றாங்க. பையைக் கீழ வை, கை வலிக்கப் போவுது. குப்பை வண்டி இன்னும் வரல. வந்தா பாட்டு கேக்கும், ஊருக்கே கேக்கும், கேட்டதும் நாமளே ஓடிப் போய்ப் பையைப் போட்டுடணும், அது நிக்காது. கொஞ்சம் உள்ள தள்ளி நில்லு, அங்க ஒழுகுது. இந்தக் கீலுங் ஊர்ல மழை எப்ப விடும்னு மட்டும் கேக்காத, இங்கயே பொறந்த எனக்கே தெரியாது.

நீ அஞ்சாவது மாடிக்குப் புதுசா வந்த பொண்ணுதானே? நான் ரெண்டாவது மாடி. சியாவ் டீச்சர்னு கேட்டா இந்தச் சந்துல யாரும் சொல்லுவாங்க. பியானோ சொல்லித் தர்றேன். சத்தம் மேல வருதா உனக்கு? வராது, வராது. வந்தாலும் நல்ல சத்தம்தான். அந்த வாளியில என்ன, சோத்து மிச்சமா? அதைத் தனியா வெச்சுக்கோ, வண்டிக்குப் பின்னால ஒரு நீல டிரம் தொங்கும், அதுல கொட்டணும். பையோட சேத்துப் போட்டுட்டேன்னு வை, எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், பாட்டு. புதுசாக் கத்துக்க வர்றவங்களுக்குக் கவலையே இல்லம்மா, புத்தகம் இருக்கு, அது பாட்டுக்குப் போகும். நல்லா வாசிக்கறவங்களுக்கும் கவலையில்ல, அவங்களே ஏதாவது எடுத்துட்டு வந்துடுவாங்க. நடுவுல இருக்கு பாரு ஒரு கூட்டம், முதல் ரெண்டு புத்தகத்தை முடிச்சுட்டு அடுத்து என்னன்னு முழிக்கற கூட்டம், ரெண்டுங்கெட்டான். சின்னப் பிள்ளைங்க பாட்டைக் கொடுத்தா மூஞ்சி சுருங்கிடும். பெரிசாக் கொடுத்தா விரல் சுளுக்கிக்கும். இவங்களுக்குப் பாட்டு பொறுக்கி எடுக்கறது இருக்கே, பொண்ணு பாக்கறதைவிடக் கஷ்டம்.

எனக்குன்னு ஒரு வழி இருக்கு. எல்லாரும் வலது கையைப் பாப்பாங்க, நான் இடது கையைத்தான் பாப்பேன். அது ஓரிடத்துல ஒழுங்கா உக்காந்திருக்கா, இல்ல இங்கயும் அங்கயும் தாவுதா? தாவுனா வேண்டாம், மூடி வெச்சுடு. அப்புறம் விரலை ரொம்ப விரிக்கச் சொல்லுதான்னு பாக்கணும். அதுக்கப்புறம் ஒண்ணு இருக்கு, அதை ஒருத்தரும் சொல்லித் தர மாட்டாங்க. அந்தப் பக்கத்துல எங்கயாவது ஒரு இடத்துல, நானா இதை வாசிக்கறேன்னு அவங்களே அசந்து போற மாதிரி ரெண்டு வரி வரணும். அந்த ரெண்டு வரிக்காகத்தான் மனுஷன் ஆபீஸ் விட்டு வந்து, நனைஞ்ச சாக்ஸோட உக்காந்து மாசக்கணக்கா மல்லுக்கட்டறான். அது இல்லாத பாட்டை எவ்வளவு சுலபமா இருந்தாலும் கொடுக்கவே கூடாது.

இவ்வளவு தெரிஞ்ச என்கிட்டயே ஒருத்தர் வந்து சேர்ந்தாரு பாரு. ருவான். உன் பக்கத்து வீடுதான், பாத்திருப்பியே... உயரமா, காது ரெண்டும் விடைச்சுக்கிட்டு. அவர்தான். இந்தக் குப்பை வண்டியை முப்பது வருஷம் ஓட்டினவரு. ரிட்டயர் ஆன மறு மாசம் என் வீட்டு வாசல்ல வந்து செருப்பைக் கழட்டாம நிக்கறாரு. உள்ள ஒரு பொண்ணு வாசிச்சுட்டிருந்தா, பீத்தோவன் பாட்டுதான், அதே வண்டிப் பாட்டு. வண்டியில முதல் துண்டுதானே திரும்பத் திரும்ப ஓடும்? அவ அதைத் தாண்டிப் போயிட்டா. மனுஷன் தலையைச் சாய்ச்சுக் கேட்டுட்டு, "இதுக்கு மேலயும் இருக்கா?"ன்னாரு. முப்பது வருஷமா அதோட நுனியை மட்டும் புடிச்சுக்கிட்டே ஊரைச் சுத்தியிருக்காரு, பாட்டே அவ்வளவுதான்னு நெனச்சிருக்காரு.

எனக்கு அதைக் கத்துக் குடுங்கன்னாரு. சேர்த்துக்கிட்டேன். ஆனா அந்தப் பாட்டை மட்டும் குடுக்கலை. குடுப்பாங்களாம்மா? ஆரம்பம் யாருக்கும் வரும், நடுவுல போனா பொடிப்பொடியா ஓடும், அப்புறம் இடது கை ஒரே பியானோக் கட்டையை நெஞ்சு அடிச்சுக்கற மாதிரி அடிச்சுட்டே இருக்கணும். அதோட, ஒண்ணு சொல்றேன், இந்த ஊர்ல எந்த டீச்சரும் அதை மேடையில ஏத்த மாட்டாங்க. குப்பை நாத்தம் அடிக்குதுன்னு சிரிப்பாங்க.

அதனால ஒவ்வொண்ணா வேற குடுத்துப் பாத்தேன். முதல்ல மினுவெட்னு ஒரு பழைய டான்ஸ் பாட்டு, பாக் காலத்துது, ரெண்டு கையும் ஒண்ணுக்கொண்ணு மரியாதையாப் பேசிக்கற மாதிரி இருக்கும். இவர் வாசிச்சா வண்டியை ரிவர்ஸ் எடுக்கற மாதிரி இருந்துது. சரின்னு ஷோபின்ல ஒண்ணு, ஒரே பக்கம்தான், வலது கை நகரவே நகராது, இடது கை மட்டும் கொத்துக் கொத்தா மெல்ல எறங்கிட்டே வரும். அழகான பாட்டு. வாசிச்சு முடிச்சுட்டு, டீச்சர், இது சாவு வீட்டுக்கு ஆகும்னாரு. அப்புறம் ஷூமன், குழந்தைங்களுக்காக எழுதினது, இடது கையில பாட்டு வரும். அது மட்டும் அவருக்குப் புடிச்சிருந்துது. கியர் போட்ட கை பாரு, இடது கையைவிட வலது கைதான் அவருக்கு மக்கு... இல்ல, கியர் வலது கையிலதானே போடறாங்க? எதுவோ ஒண்ணு. கட்டைவிரலை ஒரு கட்டையில வெச்சா ரெண்டு கட்டை அமுங்கும், அவ்வளவு அகலம்.

ஒவ்வொரு பாட்டையும் ஒழுங்காத்தான் கத்துக்கிட்டாரு. அதைச் சொல்லணும். ஆனா ஒவ்வொண்ணு முடிஞ்சதும் அதே கேள்விதான். இப்ப அது வருமா டீச்சர்? நானும் இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள்னு... ரெண்டு வருஷம் இழுத்தடிச்சேன். கடைசில போன புத்தாண்டு கழிச்சுக் குடுத்துட்டேன். அழுக்கா ஒரு எலெக்ட்ரிக் பியானோ வாங்கி வெச்சுக்கிட்டு ராப்பகலா அடிச்சாரு. வந்துடுச்சும்மா. நடுவுல ஓடற இடம் கொஞ்சம் நொண்டும், ஆனா வந்துடுச்சு. அசந்து போற ரெண்டு வரின்னு சொன்னேன்ல, அவருக்கு அது அங்கதான் இருந்துது. நான் என் கணக்கை வெச்சுக்கிட்டு அவருக்குத் தேடிட்டிருந்திருக்கேன்.

அப்ப விழா வந்துது. வருஷா வருஷம் என் மாணவங்க எல்லாரும் வாசிக்கறது, இதோ இந்தச் சந்து முனையில சமூகக் கூடத்துல. ஞாயித்துக்கிழமை வெச்சிருக்கலாம், அன்னிக்கு வண்டியே கிடையாது. ஆனா ஞாயிறு முழுக்கப் பொம்பளைங்க டான்ஸ் ஆட எடுத்துக்கறாங்க, விட்டுத் தர மாட்டேங்கறாங்க. சனிக்கிழமைதான் கிடைச்சுது. சாயங்காலம் ஆரம்பிச்சா வண்டி வர்றதுக்கு முன்னாடி எல்லாம் முடிஞ்சுடும்னு போட்டேன். கூடத்துல ஏசி ஓடல, ஜன்னலெல்லாம் தெறந்து கிடந்துது. வார்டு தலைவர் முன் வரிசையில. அன்னாசி கேக் ஆளுக்கு ஒண்ணு.

எனக்கு ஒரு பழக்கம்மா, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி ரெண்டு வார்த்தை சொல்லுவேன். ஏன் இந்தப் பாட்டை இந்தப் பிள்ளைக்கு எடுத்தேன், இதுல எந்த இடம் கஷ்டம்... சொல்ல வேண்டாமா? சும்மா வந்து வாசிச்சுட்டுப் போனா யாருக்கு என்ன புரியும்? ரெண்டு வார்த்தைதான். கொஞ்சம் நீண்டுடுச்சு. இடது கை விஷயம் சொன்னேன், ஷோபின் சொன்னேன், எங்க டீச்சர் என்னை எப்படித் திட்டுவாங்கன்னு சொன்னேன்... ஒரு சின்னப் பொண்ணு பெஞ்சுலயே தூங்கிட்டா. ருவான் கடைசி ஆளு. அவர் எழுந்து வர்றப்ப மணி என்ன தெரியுமா? சரியா வண்டி வர்ற நேரம்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. குனிஞ்சு வணக்கம் சொன்னாரு. "முப்பது வருஷமா இதைக் கேட்டு நீங்க ஓடி வந்திருக்கீங்க. இன்னிக்கு உக்காந்து கேளுங்க, பின்னாடி நல்லா இருக்கும்"னாரு. அவ்வளவுதான் பேசினாரு. உக்காந்து, முதல் வரியை எடுத்தாரு.

ஓடிட்டாங்கம்மா. சிரிக்காத. சொல்லிட்டுத்தான் வாசிச்சாரு, அப்பவும் ஓடிட்டாங்க. கால் யார் பேச்சையும் கேக்கல. வார்டு தலைவர், அம்மா, அப்பா, கேக்கைக் கையில வெச்சிருந்தவன், எல்லாம். நாற்காலி சரிஞ்சு விழற சத்தம். வீட்டுக்குப் போய்ப் பையைத் தூக்கிட்டு இதே இடத்துல வந்து நிக்கறாங்க, வண்டி எங்கன்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறாங்க. வண்டியே வரல, அன்னிக்குப் பாத்து லேட்டு. அப்பத்தான் ஜன்னல் வழியாக் கேக்குது, வண்டியில எந்தக் காலத்துலயும் வராத அந்த நடுத்துண்டு. நிறுத்தாம வாசிச்சுட்டிருக்காரு.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறியா... நானும் இங்கதானேம்மா நின்னேன். மீன் செதில் இருந்த பை, மூணு நாளா வீட்ல கிடந்து நாறுது, அதுக்கு மேல என் மூளை வேற எதையும் யோசிக்கல. முதல்ல ஓடினது நான்தான். மேடையில அவருக்குப் பக்கத்துல தாள் திருப்ப நின்னுட்டிருந்தவ ஓடினா, மத்தவங்க ஓட மாட்டாங்களா? என்னைப் பாத்துத்தான் எல்லாரும் எழுந்திருக்காங்க. டீச்சரே ஓடினா நிஜமாவே வண்டி வந்துடுச்சுன்னுதானே நெனப்பாங்க.

அன்னியிலேருந்து ருவான் பாடத்துக்கு வரல. திட்டினாக்கூடப் பரவாயில்ல, திட்டல. படியில பாத்தா வணக்கம் டீச்சர்ங்கறாரு, போயிடறாரு. குப்பையைக்கூட அடுத்த சந்துல கொண்டு போய்ப் போடறாராம். பியானோவை வித்துட்டாரோ என்னவோ. எனக்கு அதுதான்... போகட்டும். மனசு ஆறல, அவ்வளவுதான். ரெண்டு தடவை கதவு வரைக்கும் போய்த் திரும்பிட்டேன். என்ன சொல்றது? பேசியே கெடுத்தவ, இன்னும் என்னத்தைப் பேசறது.

என்ன? விக்கலையா? நிஜமாவா, நீ கேட்டியா? சுவத்துக்கு அந்தப் பக்கம்... எப்ப? நீ வந்த முதல் வாரம் முழுக்க வண்டியைத் தவற விட்டியா, சரி, அதனால வீட்ல இருந்த. எல்லாரும் கீழ போனதுக்கு அப்புறம் வாசிக்கறாரா? தினமுமா? இரு, இரு. என்ன பாட்டு, முனகிக் காட்டு.

...இது நடுத்துண்டு. இதுக்கு முன்னாடி வர்றது? ஆரம்பம்? வாசிக்கவே மாட்டாரா?

ஆரம்பத்தை வாசிச்சா யாராவது ஓடிடுவாங்கன்னு விட்டுட்டாரு. கட்டடத்துல ஒரு ஆள்கூட இல்லாத நேரமாப் பாத்து, மிச்சத்தை மட்டும் தனியா வாசிச்சுட்டு உக்காந்திருக்காரு மனுஷன்.

அப்ப இப்பவும் வாசிப்பாரு இல்ல? இந்தா, என் பையைப் புடி. இதையும் சேத்துப் போட்டுடு. இந்த வாளியை நீல டிரம்ல, சொன்னேன்ல. ஆமா, கேக்குது எனக்கும், சந்து முனைக்கு வந்துடுச்சு. வரட்டுமே. நீ ஓடு, அது நிக்காது. நான் அஞ்சு மாடி ஏறணும், முட்டி வேற புடிச்சுக்கும். கதவைத் தெறந்தாருன்னா முதல் வரியிலேருந்து வாசிங்கன்னு மட்டும் சொல்லப் போறேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன்.