மத்தியாஸ் டால்ட்டன் எங்கே பிறந்தார்

எங்கள் ஊருக்கு வேர் தேடி வருகிறவர்கள் முதலில் கழிவறை எங்கே என்று கேட்பார்கள். முப்பாட்டன் எங்கே என்பது அதற்கு அடுத்த கேள்வி. தேவாலயப் பங்கு மண்டபத்தில் எனக்கு ஒரு மேசை கொடுத்தபோது கழிவறைக்குப் பக்கத்து அறையைக் கேட்டு வாங்கியதே அதனால்தான்.

அயர்லாந்தில் எங்கள் வெஸ்ட்மீத்திலிருந்து அந்தக் காலத்தில் ஏகப்பட்ட பேர் ஆடு மேய்க்க அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரன்கள் கோடைக்குக் கோடை வருகிறார்கள். பழைய ஞானஸ்நானப் பதிவுகளில் பாதிரியார்கள் லத்தீனில் கிறுக்கி வைத்திருக்கும் பெயர்களை வாசித்துச் சொல்வது என் வேலை. சம்பளம் கிடையாது. ஒழுங்காகத்தான் செய்தேன், சார்ஜென்ட். இல்லாததை இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன், ஒருவரைத் தவிர.

ஹோராசியோ டால்ட்டன் மே மாதம் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. கொள்ளுத்தாத்தா மத்தியாஸின் படத்தைச் சட்டமிட்டுத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலக் கொண்டுவந்தார். எங்கள் பங்கில் மத்தியாஸ் டால்ட்டன் யாரும் இல்லை. ஆனால் ஈரம் குடித்து எழுத்து கரைந்துபோன ஒரு பக்கம் உண்டு. கரைந்த எழுத்தில் யாரை வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

என் தம்பி ஷேமஸ் குளிர்காலத்தில் இறந்துபோயிருந்தான். வீட்டில் நான் மட்டும். என் அம்மாவும் டால்ட்டன் குடும்பத்துப் பெண்தான். விரலை அந்தக் கறையின் மேல் வைத்து, "இதோ இருக்கார் உங்க மத்தியாஸ். எங்க அம்மாவோட தாத்தாவுக்குக் கூடப் பிறந்தவர்," என்றேன்.

அவர் அழுதுவிட்டார். "அப்போ நீங்க எனக்குச் சொந்தமா?" என்றார்.

"சொந்தந்தான்," என்றேன்.

அன்றிலிருந்து என்னை 'பிரிமா' என்று கூப்பிட்டார். அவர்கள் பேச்சில் ஒன்றுவிட்ட சகோதரியை அப்படித்தான் அழைப்பார்களாம். விடுதியில் எதற்குத் தண்டச் செலவு என்று சொல்லி ஷேமஸின் அறையைக் கொடுத்தேன். காலையில் கெட்டிலை யார் போடுவது என்று சண்டை பிடிப்போம். "உங்க ஊர் டீ குதிரைக்கு ஊத்துற மருந்து மாதிரி இருக்கு, பிரிமா," என்று சொல்லிக்கொண்டே இரண்டு கோப்பை குடிப்பார். கதவருகே ஆணியில் ஒரு ஆணின் மேல்கோட்டு மறுபடி தொங்கியது.

ஆகஸ்டில் அவர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கைபேசியை என் பக்கம் திருப்பிவைத்தார். பக்கத்து லாங்ஃபோர்டில் ஒரு பங்குக்கும் எழுதிக் கேட்டிருந்தாராம். மத்தியாஸ் அங்கேதான் பிறந்திருக்கிறார். அப்பா பெயர், அம்மா பெயர், ஞானப்பெற்றோர் பெயர், எல்லாம் அச்சுப்பிசகாமல் இருந்தது. மஜெல்லா என்று ஒரு உறவுக்காரப் பெண், அவளுக்கு நான்கு பிள்ளைகள், ஒரு பட்டாளமே அவரைப் பார்க்கக் காத்திருந்தது.

"அந்தக் கறையில யாருக்குத்தான் சரியாத் தெரியும்? நீ வருத்தப்படாத," என்றார். நான் பொய் சொன்னேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "மஜெல்லா சனிக்கிழமை கார் கொண்டு வரா. நீ எப்பவும் எனக்குப் பிரிமாதான்."

அந்த மாதிரி வார்த்தையைப் போகிறவர்கள்தான் சொல்வார்கள்.

எங்கள் மேய்ச்சல் நிலத்தின் கோடியில் பழங்காலத்து நிலவறை ஒன்று இருக்கிறது. மாடு இறங்கிவிடக் கூடாதென்று ஷேமஸ் அதற்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டிருந்தான். "உள்ள கல்லுல டால்ட்டன்னு பேர் வெட்டியிருக்கு. போறதுக்கு முன்னாடி பாத்துட்டுப் போங்க," என்றேன். குனிந்து உள்ளே போனார். "எங்க, ஒண்ணையும் காணோமே?" என்று கேட்டார். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன்.

கொல்ல வேண்டுமென்று நினைக்கவில்லை. தனியாக உட்கார்ந்து யோசித்தால் மனம் மாறும் என்று நினைத்தேன். கம்பளி கொடுத்தேன். ரொட்டியும் குளிர்ந்த பன்றியிறைச்சியும் கம்பி வழியே கொடுத்தேன். சனிக்கிழமை மஜெல்லா வந்தாள். டப்ளினுக்குப் பஸ் ஏறிவிட்டார் என்று சொல்லி, டீயும் பழக் கேக்கும் கொடுத்து அனுப்பினேன். நல்ல பெண். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள்.

அவர் ஸ்பானிஷில் கத்தினார். பிறகு கெஞ்சினார். "அட்ராக்டா, யார்கிட்டயும் சொல்லமாட்டேன். திறந்துவிடு."

"பிரிமான்னு கூப்பிடுங்க," என்றேன்.

"திற, பிரிமா."

அதன் பிறகு ஒருமுறைகூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கேட்க இதமாக இருந்தது.

என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். திறந்தால் போய்விடுவார். திறக்காவிட்டால் கத்துவார். பூசைக்குப் போனாலும் காது வயலிலேயே இருந்தது. மல்லிங்கர் கடைத்தெருவுக்குக்கூடப் போகவில்லை. வேறு வழி யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன்.

இதய மாத்திரை வேண்டுமென்றார். அது ஷேமஸின் அறை மேசைமேல் இருந்தது, எனக்குத் தெரியும். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். மறுநாள் மழை. அதற்கும் மறுநாள் போகலாமென்று காலணியை மாட்டினேன். மாத்திரை போட்டுத் தெம்பு வந்தால் மறுபடி கத்துவாரே என்று தோன்றியது. கழற்றிவிட்டேன்.

அப்புறம் போனபோது கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். போர்த்திவிட்டேன். ஜெபமாலை சொன்னேன். மறுபடி பூட்டினேன்.

மஜெல்லா இரண்டாவது முறை வந்தபோது ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள். டப்ளின் போனவர் கோட்டை ஏன் விட்டுப்போனார் என்று கேட்டாள். எடுத்து ஒளித்திருக்கலாம். மனம் வரவில்லை.

நான்தான் அடைத்துவைத்தேன். நான்தான் மாத்திரை கொடுக்கவில்லை. அது சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இங்கே ஒரு பிழை இருக்கிறது, சார்ஜென்ட். இறந்தவருக்கு நான் எந்த உறவுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு ஒன்றுவிட்ட சகோதரி என்று போடுங்கள். கடைசிவரை அவர் வாயால் அப்படித்தான் கூப்பிட்டார்.