கோவா வைத்த குல்ச்சா

— வாயில இருக்கறதையே இன்னும் முழுங்கல. அதுக்குள்ள அடுத்த கடைக்கு எங்க ஓடுறீங்க?

— நேரம் இல்ல பன்வாரி அம்மா. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கணும். நாளைக்குக் காலையில நாக்கை எடுத்துருவான். இந்தூர்ல இருக்கற அத்தனையும் இன்னிக்கே சாப்பிட்டாகணும். நடையைப் போடு.

— பாதிதான் எடுப்பேன்னாரு டாக்டர்.

— திறந்து பாத்துட்டுச் சொல்றேன்னுதானே சொன்னான்? இன்ஜினைத் திறந்து பாத்த மெக்கானிக் எவனாவது சின்ன வேலைதான்னு சொல்லிக் கேட்டிருக்கியா?

— நல்ல வாயால நல்லதாச் சொல்லுங்களேன்.

— இந்த வாயாலயா?

— சரி, விடுங்க. அந்த வேப்ப மரத்தடியில கொஞ்ச நேரம் உக்காரலாம். காலையில பஸ்ஸை விட்டு இறங்கினதுல இருந்து என்கிட்ட ஒரு வார்த்தை ஒழுங்காப் பேசல நீங்க.

— உக்காந்தா எப்படி? அதோ பாரு, அவல் போஹா கடை. ஆவி பறக்குது. நான் இங்க லோடு இறக்க வரும்போதெல்லாம் இந்தக் கடைதான். என்னைக் கண்டதும் ஜிலேபியை எடுத்து வெச்சிடுவான், பாத்துக்கோ.

— அப்படியா? இது நீங்க சொன்னதே இல்லையே.

— தம்பி, ரெண்டு தட்டு போடு. என்னைத் தெரியுதா?

— தெரியலையே பெரியவரே.

— முப்பது வருஷமா வர்றேன்ப்பா.

— நான் கடை போட்டே நாலு வருஷம்தான் ஆகுது. முன்னாடி இது சைக்கிள் கடை. மேல காரச் சேவ் தூவவா?

— காரம் வேண்டாம் தம்பி, அவருக்கு வாயில புண்ணு.

— நீ தூவுப்பா. அவ கெடக்கா. ஜிலேபியும் ரெண்டு வை.

— பெரியவரே, ஜிலேபியைத் தனியாத் தின்னா எப்படி? ஒரு வாய் அவலு, ஒரு கடி ஜிலேபி. அப்பதான் சேரும். இந்த ஊருக்குப் புதுசா?

— எனக்கேவா சொல்லித்தர்றே?

— தம்பி சொல்ற மாதிரிதான் தின்னு பாருங்களேன். ஐயோ, கண்ணுல தண்ணி வருதே!

— வெங்காயம்.

— வெங்காயம் ஒண்ணும் இல்ல, புண்ணுல பட்டுடுச்சு. வலது பக்கமா மெல்லுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? இந்தாங்க, தண்ணியை வாயில வெச்சுக்கிட்டு இருங்க.

— எனக்கு ஒண்ணுமில்ல. நீ தின்னு. எப்படி இருக்கு?

— எனக்கென்ன தெரியும்? வீட்டுல சோள ரொட்டியும் பூண்டுச் சட்னியும் தின்னே வயசானவ நான். ஊர் ஊரா லாரியில போய்த் தின்னவரு நீங்க. ஆக்ராவுல காலையில பூரி மாதிரி ஒண்ணு சாப்பிடுவேன்னு சொல்வீங்களே, அது பேரு என்ன?

— பேடை.

— அதுக்குள்ள என்ன வெச்சிருப்பான்?

— அதான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கேனே.

— மறந்துபோச்சு. இப்போ சொல்லுங்க.

— சாப்பிடும்போது ஹார்ன் அடிக்காதே. எந்திரி, அடுத்தது கச்சோரி.

— தட்டுல அப்படியே இருக்கு!

— நீ முடிச்சிடு. முழுசாத் தின்னா அடுத்த கடைக்கு வயித்துல இடம் வேண்டாமா?

— நான் என்ன குப்பைத் தொட்டியா? காலையில இருந்து நீங்க ஒரு கடி கடிச்சிட்டு வெச்சதெல்லாம் என் வயித்துலதான் கெடக்கு. மூச்சு விட முடியல. இருங்க, இருங்க, போன் அடிக்குது. பன்வாரியா? சொல்லுடா… பக்கத்துலதான் இருக்கோம்… அப்பாவா? நல்லாத்தான் இருக்காரு. என்னைத்தான் ஓட வெக்கிறாரு… ரத்தம் குடுக்க ஆள் கெடைச்சாச்சா? அப்பாடா… எத்தனை மணிக்கு? சரிடா. வந்துடறோம்.

— என்னவாம்?

— மூணு மணிக்கே வரச் சொல்றாங்களாம். மயக்க ஊசி போடற டாக்டர் சீக்கிரமா வந்து பாக்கறாராம்.

— போச்சு! ஒரு மணி நேரம் போச்சு. கியரை மாத்து. கச்சோரியைக் கையில வாங்கிக்குவோம், நடந்துக்கிட்டே தின்னலாம். அந்த மூலையில சோளத்தைத் துருவிப் பால்ல கிண்டித் தர்றான், அதையும் பாத்துடணும்.

— அது இனிப்பா, காரமா?

— அது வந்து… கேட்டுக்கலாம்.

— முப்பது வருஷமா வர்றவரு கேட்டாத்தான் தெரியுமா?

— நீ ஒருத்தி! செக்போஸ்ட்டு மாதிரி எல்லாத்துக்கும் கை நீட்டி நிறுத்து. வர்றியா இல்லையா?

— வரல.

— என்னது?

— வரமாட்டேன். இந்தப் படிக்கட்டுலயே உக்காந்துக்கறேன். நீங்க போய்த் தின்னுட்டு வாங்க.

— ஏய், என்ன இது நடு ரோட்டுல? கண்ணைத் தொடை. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். எனக்குப் பயமா இருக்கு. போன வாரம் வந்தப்போ அந்த நர்ஸம்மா என்ன சொன்னா தெரியுமா? நீங்க எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தீங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் பேச்சு வராதாம். வந்தாலும் குழறுமாம். ஒரு ஸ்லேட்டு குடுப்பாங்களாம், சொல்ல வேண்டியதை அதுல எழுதிக் காட்டுவீங்களாம்.

— எழுதுறேன். நாலாவது வரைக்கும் படிச்சவன்தானே நான்?

— எனக்குப் படிக்கத் தெரியாதே.

— அதனால என்ன? பன்வாரி படிச்சுச் சொல்லுவான்.

— நீங்க என்கிட்ட சொல்றதை நம்ம பையன் படிச்சுக் காட்டணுமா? இன்னிக்கு ஒரு நாள்தான் இருக்கு. அதையும் எவன் எவன் கடை வாசல்லயோ மென்னே தீர்க்கறீங்க. முப்பது வருஷமா ஊரெல்லாம் தின்னவருக்கு இன்னும் ஆசை அடங்கலையா?

— அப்படி இல்ல பன்வாரி அம்மா.

— பின்ன எப்படி?

— எந்திரி, சொல்றேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு. அங்க பாரு, பலகையில எழுதியிருக்கு, அமிர்தசரஸ் குல்ச்சா. பெரிய தந்தூர் அடுப்பு போட்டு ஒரு சர்தார் ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்காரு. அதை மட்டும் தின்னுட்டு நேரா ஆஸ்பத்திரிதான். சத்தியமா.

— பன்வாரி மேல சத்தியம் பண்ணுங்க.

— பண்ணிட்டேன், வா. சர்தார்ஜி, ஒரு குல்ச்சா. வெண்ணெய் கொஞ்சம் தாராளமா.

— உக்காருங்க பெரியவரே. அம்மா, நீங்களும் உக்காருங்க. இந்தாங்க, சூடு, பாத்துப் பிய்க்கணும்.

— உள்ள என்ன இது?

— உருளைக்கிழங்கு. கொத்தமல்லி, வெங்காயம், கொஞ்சம் மாதுளை விதை.

— உருளைக்கிழங்கா?

— குல்ச்சான்னா பின்ன வேற என்ன?

— தம்பி, இவரு அமிர்தசரஸ்ல தின்ன குல்ச்சாவுக்குள்ள பால்கோவா வெச்சிருந்துச்சு.

— கோவாவா? அம்மா, நான் பொறந்தது பொற்கோயிலுக்குப் பின்னாடி மூணாவது சந்து. எங்க தாத்தா குல்ச்சா போட்டாரு, அப்பா போட்டாரு, நான் போடறேன். எவனும் கோவா வெச்சு நான் பாத்ததில்ல.

— நீ பாக்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? இவரு எத்தனை தடவை போயிருக்காரு தெரியுமா? நீ மூணு சந்து பாத்திருப்ப, இவரு ஊரையே பாத்தவரு. நாலு லாரி மாத்தி ஓட்டினவரு.

— சரிம்மா, சரி. கோவிச்சுக்காதீங்க. பெரிய இடத்துல வெச்சிருப்பாங்களோ என்னவோ. ஊறுகா வேணும்னா கேளுங்க. அங்க அடுப்பைப் பாக்கணும்.

— போ, போ. நீங்க சாப்பிடுங்க. ஆறிடப் போகுது… என்ன, கையிலயே வெச்சுக்கிட்டு இருக்கீங்க? வலிக்குதா?

— அவனை ஏன் திட்டினே?

— உங்களைப் பொய் சொல்றவருன்னு ஆக்கிடுவான் போல இருந்துச்சே.

— அவன் சொன்னதுதான் நிஜம்.

— எது?

— நான் அமிர்தசரஸைப் பாத்ததே இல்ல.

— சோயா மூட்டை ஏத்திக்கிட்டுப் போனீங்களே?

— போனேன். ஊருக்கு வெளியில வரைக்கும் போனேன். பகல்ல லாரியை ஊருக்குள்ள விடமாட்டான். பைபாஸ்ல நிறுத்திட்டு வண்டிக்குக் கீழ படுத்துக்கணும். இருட்டினதும் விடுவான். நேரா குடோன், மூட்டையை இறக்கிட்டு விடியறதுக்குள்ள வெளியில வந்தாகணும். எல்லாக் கடையும் சாத்தியிருக்கும். ஆக்ரா, ஜோத்பூர், பாட்னா, எல்லாம் அப்படித்தான். கைகாட்டியில ஊர் பேரைப் படிச்சிருக்கேன், அவ்வளவுதான். இந்த இந்தூர்லயே எனக்குக் குடோன் வாசல்தான் தெரியும்.

— அப்போ என்னதான் தின்னீங்க?

— நீ துணியில கட்டிக் குடுத்த ரொட்டி. நாலாவது நாள் ஓடு மாதிரி ஆயிடும், டீயில ஊறப்போட்டுத் தின்பேன். ஸ்டியரிங்ல தூங்கிடக் கூடாதுன்னு குட்கா. இந்த நாக்கு ஊர் ஊராப் போய்த் தின்னது அது ஒண்ணைத்தான். அதுதான் இப்போ இதைத் தின்னுது.

— மெதுவாப் பேசுங்க. உதட்டோரம் ரத்தம் கசியுது.

— இரு, சொல்லி முடிச்சிடறேன். முதல் தடவை தூரப் பயணம் போய்ட்டு வந்தேன்ல, பன்வாரி என் மடியில ஏறிக்கிட்டு, 'என்னப்பா சாப்பிட்டே'ன்னு கேட்டான். நீ கதவோரமா நின்னு பாத்துட்டு இருந்தே. காஞ்ச ரொட்டின்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. வாய்க்கு வந்ததை அவுத்து விட்டேன். அப்புறம் பிரேக் பிடிக்கல. நாக்கு போறதுக்குள்ள அதுல கொஞ்சத்தையாவது நிஜமாக்கிடலாம்னுதான் இன்னிக்கு இந்த ஓட்டம். ஆனா ஒண்ணுகூட நான் சொன்ன மாதிரி இல்ல. என்னை மன்னிச்சிடு.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— எல்லாம்தான். அந்த முதல் தடவையே தெரியும். அமிர்தசரஸ்ல வெண்ணெய் ஒழுகத் தின்னுட்டு வந்தவரு, வாசல்ல செருப்பைக்கூடக் கழட்டாம நின்னபடியே ஏழு ரொட்டி தின்னீங்க. உங்க துண்டைத் துவைக்க எடுத்தா என் மாங்கா ஊறுகா வாசனைதான் அடிச்சுது. அதை விடுங்க, உங்களுக்குக் கோவான்னா உசிரு. அதுக்காக எல்லாத்துலயுமா? பேடையில கோவா, பாட்னாவுல சுட்ட உருண்டையில கோவா, ஜோத்பூர் மிளகா பஜ்ஜிக்குள்ள கூட கோவா வெச்சீங்க நீங்க!

— எல்லாம் தெரிஞ்சிருந்துமா ஒவ்வொரு தடவையும் என்ன தின்னீங்க, என்ன தின்னீங்கன்னு கேட்டே? இப்போகூட ஆக்ராவைக் கேட்டியே?

— வேற எப்போ நீங்க என்கிட்ட பேசினீங்க? மாசத்துல ரெண்டு நாள் வீட்டுக்கு வருவீங்க. ஒரு நாள் தூக்கம், ஒரு நாள் லாரிக்குக் கிரீஸ். அந்தக் கதையைச் சொல்றப்போ மட்டும்தான் என் முகத்தைப் பாத்துப் பேசுவீங்க.

— இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல நீ?

— சொன்னா நிறுத்திடுவீங்களே. அந்தக் குல்ச்சாவை இப்படிக் குடுங்க, நானே தின்னுக்கறேன். மூணு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. என் பக்கமாத் திரும்பி உக்காந்து சொல்லுங்க: அமிர்தசரஸ்ல நீங்க தின்ன குல்ச்சா எப்படி இருந்துச்சு? கோவா வெச்சது.