முன்பக்கம் கறுப்பு, பின்பக்கம் நீலம்

ஹார்ட் டிஸ்க் மெதுவாக ஓடினால் எல்லாரும் முதலில் ஹார்ட் டிஸ்கைத்தான் திட்டுகிறார்கள் ஐயா. அது பாவம். பெரும்பாலும் குற்றம் அதில் இருக்காது. வயர் நைந்திருக்கும். வைரஸ் பார்க்கிற மென்பொருள் ஒவ்வொரு ஃபைலையும் வாசலில் நிறுத்திச் சோதித்துக்கொண்டிருக்கும். இல்லையென்றால், செருக வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் செருகியிருப்பார்கள். பொறுமையாக ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தால் காரணம் தானாகப் பிடிபட்டுவிடும். நீங்களும் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். உங்கள் வேலையில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் பெயர் முத்துக்கிருஷ்ணன். சங்கரன்கோவிலில் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன், கடைகளுக்குக் கேமரா மாட்டிக் கொடுக்கிறேன். விசிட்டிங் கார்டில் ‘தரவு மீட்பு வல்லுநர்’ என்று இருப்பதை நானே போட்டுக்கொண்டதாகச் சிலர் சொல்வார்கள். அச்சகத்தில் கேட்டார்கள், சொன்னேன். போன ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எங்கள் தெரு வியாபாரிகள் வைத்த பிளெக்ஸில் அம்பாளுக்குக் கீழே என் படம் இருந்தது. ‘கணினிச் சுடர்’ என்று எழுதியிருந்தது. வாசகம் எழுதிக் கொடுத்தது நான்தான். ஆனால் அதை அடிக்கமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை, அதையும் பார்க்க வேண்டும்.

பிளெக்ஸில் ஏறிய மனுஷனுக்கு இறங்க வழி கிடையாது ஐயா. நாலு பக்கமும் சட்டம் அடித்து, கயிறு போட்டுக் கட்டிவிடுகிறார்கள். அப்புறம் சிரித்தபடியே நிற்க வேண்டியதுதான்.

அந்த பிளெக்ஸை இறக்குவதற்கு முன்பே வந்த செவ்வாய்க்கிழமை அது. ஹெலன் துணிக்கடையிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். மகள் கல்யாண வீடியோவைக் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து வெளி ஹார்ட் டிஸ்குக்கு ஏற்ற வேண்டும். மத்தியானம் போட்டது சாயங்காலம் ஆறரை வரைக்கும் பாதிகூட ஏறவில்லை. நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். வயரை உருவி ஊதினேன். டேபிள் ஃபேனை டிஸ்குக்கு நேராகத் திருப்பி வைத்தேன். “பெரிய ஃபைலும்மா, மூச்சு வாங்கித்தான் போவும்” என்றேன். இதே வார்த்தையைப் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிவருகிறேன். யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

அப்போது பக்கத்தில் செல்போன் கவர் விற்கிற ஆமினாள் கத்தரிக்கோல் இரவல் கேட்டு வந்தாள். திரையைப் பார்த்தாள். குனிந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, முன்னால கறுப்புலல்லா சொருவியிருக்கிய. அது பழைய ஓட்டை, நத்தையா ஊரும். பின்னால நீலமா ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல சொருவுங்க.”

சொல்லிவிட்டு அவளே மாற்றிச் செருகினாள். மூன்றரை மணி நேரத்தில் போகாதது மளமளவென்று ஏறத் தொடங்கியது. ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டார். கடைக்குத் துணிப் பொதி இறக்க வந்த லோடு ஆட்டோக்காரன் நல்லக்கண்ணு பொதி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பனவடலிசத்திரத்துக்காரன்.

“ஏ அண்ணாச்சி, பன்னெண்டு வருசமா ஊரையே காக்க வச்சது இந்த ஓட்டைதானா?” என்றான். டீ புரையேறும் அளவுக்குச் சிரித்தான். ஆமினாளும் சிரித்தாள்.

அவன் கேட்டதும் அந்தச் சிரிப்பும் சேர்த்துப் பதினொரு விநாடி. அளந்து வைத்திருக்கிறேன்.

அந்தக் கடைக்குக் கேமரா மாட்டிக் கொடுத்தவன் நான். எட்டுக் கேமரா. மற்ற கடைகளில் படம் மட்டும்தான் பதியும். ஹெலன் கடையில் பெருமைக்காகச் சத்தமும் பதிகிற மாதிரி மைக் வைத்துக் கொடுத்திருந்தேன். வீட்டுக்குப் போனபிறகுதான் அது ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து நான் அந்தக் கேமரா ரெக்கார்டர் பெட்டிக்குள்தான் இருந்தேன் ஐயா. ஆனாலும் ஓர் ஆறுதல் இருந்தது. ரெக்கார்டர் பதினைந்து நாள்தான் வைத்திருக்கும். பதினாறாவது நாள் பிறக்கும்போது பழைய நாளை அழித்து, அதன் மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும். என் விடுதலைத் தேதி எனக்குத் தெரிந்திருந்தது. புதன்கிழமை.

அதே செவ்வாய் மாலை ஆறரை மணிக்கு இளையரசனேந்தல் ரோடு பிரிகிற விலக்கில் ஓர் அம்மாள் மஞ்சள் லோடு ஆட்டோவில் ஏறியதைப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் கரிசக்காட்டு ஓடையில் பிணமாகக் கிடந்தார்கள். கழுத்தில் சங்கிலி இல்லை. மூன்று நாள் கழித்துப் போலீஸ்காரர்கள் நல்லக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் வண்டியும் மஞ்சள்தான்.

அவன் பெண்சாதி சங்கரேஸ்வரி வக்கீல் வீடு, ஸ்டேஷன் என்று அலைந்து, பத்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமைதான் ஹெலன் கடைக்கு வந்தாள். ‘அந்த நேரம் துணிக்கடையில்தான் இருந்தேன், கேமராவில் இருக்கும்’ என்று நல்லக்கண்ணு சொல்லி அனுப்பியிருந்தான். ஹெலன் எனக்குப் போன் போட்டார். வல்லுநர் என்றால் என்னைத்தானே கூப்பிடுவார்கள்.

ஒரு மணி நேரப் பதிவை எடுத்துக் கொடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் கோர்ட்டில் அதைப் போட்டுக் காட்டுவார்கள். நீதிபதி பார்ப்பார், வக்கீல்கள் பார்ப்பார்கள், மறுநாள் ஊர் பார்க்கும். அதனால் முறைப்படி செய்வோம் என்றேன்.

“நடுவுல மட்டும் உருவுனா கோர்ட்டுல ஏத்துக்கிட மாட்டாவ. எட்டுக் கேமராவும், பதினஞ்சு நாளும், வரிசையா எடுக்கணும். புதுசுல ஆரம்பிச்சு பழசுக்குப் போவணும்.”

“எனக்கு என்னண்ணாச்சி தெரியும். நீங்க சொன்னாச் சரிதான்” என்றாள் சங்கரேஸ்வரி. புது ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிவரச் சொன்னேன். மஞ்சள் துணியில் சுற்றி, கோயிலில் வைத்து எடுத்துவந்தாள்.

ரெக்கார்டரிலும் இரண்டு ஓட்டை உண்டு. முன்பக்கம் கறுப்பு, பின்பக்கம் நீலம். நான் முன்பக்கம் செருகினேன். என் பையில் கிடந்ததிலேயே நைந்த வயரைப் போட்டேன். நடுவில் பழைய இணைப்புப் பெட்டி ஒன்றையும் மாட்டினேன். ஒரு நாள் பதிவு ஏற ஏறக்குறைய ஒரு நாள் ஆயிற்று. வெள்ளியிலிருந்து பின்னோக்கிப் போனால் அந்தச் செவ்வாயைத் தொடப் பத்து நாள் வேண்டும். கையில் இருந்தது ஐந்து நாள். இதில் நான் எதையும் அழிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அழித்தது ரெக்கார்டர். அதை அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

அந்த ஐந்து நாளும் சங்கரேஸ்வரி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். துணி மாற்றிப் பார்க்கிற மறைப்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எழுந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். திரையில் பச்சைக் கோடு ஒரு நூல் நகர்ந்தால் இவள் நிமிர்ந்து உட்காருவாள்.

“ஓடுதா அண்ணாச்சி?”

“ஓடுது.”

“நின்ன மாதிரி இருக்கே.”

“பெரிய ஃபைலும்மா.”

“ஏட்டி, நீ போயி ஒரு வாய் சோறு தின்னுட்டு வா. நீ பாத்துக்கிட்டு இருந்தா மட்டும் வெரசாவா போவும்?” என்பார் ஹெலன். அவள் போகமாட்டாள். தன் பார்வை விலகினால் கோடு நின்றுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. ஒரு தடவை கரண்ட் போய் வந்தது. “முதல்லேருந்து போடணும்” என்றேன். விட்ட இடத்திலிருந்து போட முடியும். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. “போடுங்கண்ணாச்சி” என்றாள்.

திங்கட்கிழமை ஹெலன் ஒன்று கேட்டார். “அந்தப் பெட்டிய அமத்தி, உள்ள இருக்க டிஸ்கக் கழத்தி வச்சிட்டா அழியாதுல்லா?” நல்ல கேள்வி. சரியான கேள்வியும் அதுதான். “கழத்துனா எல்லாம் போயிரும்” என்றேன். செவ்வாய்க்கிழமை ஆமினாள் எட்டிப் பார்த்தாள். “இங்கயும் கறுப்புலயா அண்ணாச்சி?” என்றாள். “இது கேமராப் பெட்டி. கவர் விக்கதும் இதுவும் ஒண்ணில்ல” என்றேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவள் முகம் சிறுத்துப் போய்விட்டது. அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

புதன்கிழமை காலை அந்தத் தேதி பட்டியலில் இல்லை. சங்கரேஸ்வரி திரையில் விரல் வைத்து ஒவ்வொரு தேதியாகத் தேடினாள். பிறகு என்னைப் பார்த்து, “அஞ்சு நாளு கஷ்டப்பட்டியளே அண்ணாச்சி” என்றாள். என் லெட்டர்பேடில், வட்ட முத்திரையோடு, ‘பதிவுகள் இயற்கையான முறையில் காலாவதியாகிவிட்டன’ என்று ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். இலவசமாகத்தான்.

அப்புறம் சாட்சி கேட்டார்கள். நல்லக்கண்ணு கடையில் இருந்தது செவ்வாய்க்கிழமை என்று ஆமினாள் சொன்னாள். ஹெலனுக்குச் செவ்வாயா புதனா என்று குழப்பம். என்னைக் கேட்டார்கள். புதன்கிழமை என்றேன். ‘வேலை நோட்டில் எழுதியிருக்கிறேன்’ என்றேன். எழுதியும் வைத்தேன். வல்லுநர் சொன்னபிறகு ஆமினாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நல்லக்கண்ணு உள்ளே போய் ஏழு மாதம் ஆகிறது. போன மாதம் திருவேங்கடம் ரோட்டில் இன்னோர் அம்மாள் மஞ்சள் லோடு ஆட்டோவில் ஏறினார்கள். அவர்களும் வீடு திரும்பவில்லை. அவன் பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கும்போது இது நடந்ததால்தான் நீங்கள் இந்த வழக்கை மறுபடி எடுத்து ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கிறீர்கள். எனக்கு அந்த அம்மாளைத் தெரியாது. வருத்தம்தான். ஆனால் லோடு ஆட்டோ ஓட்டியது நானில்லை.

நான் கெட்டவனாக இருந்திருந்தால் அந்தச் செவ்வாய் அடியோடு போயிருக்கும். போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, சங்கரேஸ்வரி டிஸ்க் வாங்கப் போயிருந்த நேரத்தில், என் பென் டிரைவைப் பின்பக்க நீல ஓட்டையில் செருகி அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துவிட்டேன். நாலு நிமிஷம் ஆயிற்று. நான் அதில் எப்படித் தெரிகிறேன் என்று பார்க்கத்தான். ஏழு மாதமாகத் தினமும் பார்க்கிறேன். நல்லக்கண்ணு சிரிக்கிறான், அவன் தலைக்கு மேலே தேதியும் மணியும் தெளிவாக ஓடுகின்றன.

இந்தாருங்கள், சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரே ஒரு வேண்டுகோள். கோர்ட்டில் போடுவதற்கு முன் அந்தப் பதினொரு விநாடியை மட்டும் வெட்டிவிட வேண்டும். அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

முன்பக்கம் செருகாதீர்கள் ஐயா, நேரமாகும். பின்னால் நீலமாக ஒன்று இருக்கும், அதில் செருகுங்கள். இந்த ஊரில் அதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.