சாக்கடையைப் பார்க்க வந்த குழு

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் போகும் படகில், நான் போன வருஷத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை விரித்தேன். முன் இருக்கையில் சாப்பாட்டுக்கடை முதலாளி ஒருவர் தம் மச்சானிடம், "நம்ம கடைச் சாக்கடையப் பாக்க அரசாங்கக் குழு வந்துச்சு" என்றார், வீட்டுக்குச் சம்பந்தி வந்ததைப் போல. புத்தகத்தை மூடிவிட்டேன்.

"எதுக்காம்?" என்றார் மச்சான்.

"கழிவுத் தண்ணியில எண்ணெய் இவ்வளவுதான் இருக்கலாம்னு சட்டம் போட்டாங்கள்ல. அதால சின்னக் கடைங்களுக்கு நஷ்டமான்னு ஆராயறாங்களாம்."

"நஷ்டம்னே சொல்லணும், அப்பத்தான் சட்டத்தத் தளர்த்துவாங்கன்னு கடைக்காரங்க சங்கத்துல சொன்னாங்களே?"

"அப்படிச் சொல்லத்தான் இருந்தேன். எண்ணெயப் பிடிக்கிற தொட்டிக்கே எத்தனை ஆயிரம் வெள்ளி செலவாச்சு."

"பின்ன என்ன?"

"முந்தி நாத்தத்துல சாக்கடையோரத்து மேசையில பூனைகூட உக்காராது. இப்ப அங்கதான் கூட்டம். வந்த ஆபீசருங்களே இடமில்லாம நின்னாங்க. அவங்கள நிக்க வச்சுக்கிட்டு எப்படிலா நஷ்டம்னு சொல்றது?"

"அப்ப என்னதான் சொன்னீங்க?"

"சாக்கடை மூடியத் தொறந்து, மோந்து பாருங்கன்னேன்."

"சங்கத்துல கேட்டா?"

"அவங்களையும் வரச் சொல்லு. மூடியத் தொறந்து வைக்கிறேன்."