வெள்ளை அரைக்கைச் சட்டை

காணவில்லை என்று போஸ்டர் போடும்போது முகத்தைவிடச் சட்டைதான் முக்கியம். தெருவில் யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு நடப்பதில்லை. ‘வெள்ளை அரைக்கைச் சட்டை’ என்று பெரிய எழுத்தில் போட்டால், படித்தவர்களின் கண் அன்று முழுதும் வெள்ளைச் சட்டைகளையே துழாவும். அதற்குக் கீழே தொலைபேசி எண். அதற்கும் கீழே, சிறியதாக, என் கடையின் பெயர்.

எனக்குப் பினாங்கின் லெபோ பாசார் தெருவில் பேனர் அச்சடிக்கும் கடை. ‘கைகொடு பினாங்கு’ என்ற முகநூல் பக்கத்தையும் நான்தான் நடத்துகிறேன். நான் அதிகம் பேசாதவன். அந்தப் பக்கம் எனக்கும் சேர்த்துப் பேசியது.

மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை, வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கீர்த்திகா கடைக்குள் ஓடி வந்தாள்.

“குணாளன் அண்ணே, அப்பா பேப்பர் வாங்கப் போனாரு, இன்னும் வரல. ஒரு போஸ்டர் போடுங்கண்ணே, சீக்கிரம்லா.”

அவள் அப்பா விநாசித்தம்பி ஐயாவுக்கு எழுபத்தெட்டு வயது. பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவர். இதய மாத்திரை சாப்பிடுகிறவர். கொஞ்ச காலமாக மறதி. கால் மணி நேரத்தில் போஸ்டரை ஏற்றிவிட்டேன்.

மதியம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடப் போகும்போது அவரைப் பார்த்தேன். ஃபெர்ரி ஜெட்டி பஸ் நிறுத்தத்தில், மடியில் பேப்பரோடு, யாருக்கோ காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கீர்த்திகாவை அழைக்கக் கைபேசியை எடுத்தேன். பகிர்வு நானூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நானூற்று முப்பது ஆனது.

கிடைத்துவிட்டார் என்ற பதிவை யாரும் பகிர்வதில்லை. போன ஆண்டு கிடைத்த ஒரு பெண்ணுக்கு மொத்தம் பதினோரு லைக். அதில் ஒன்று நான் போட்டது.

கைபேசியைச் சட்டைப் பையில் வைத்தேன். முதலில் அவர் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். இரண்டு தோசை சாப்பிட்டார். “நீரும் ரயில்வேயோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அதுதான் சட்டை இவ்வளவு கசங்கிக் கிடக்கு” என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம்.

ஐந்து மணிக்கு அவரைக் கடை வாசலில் கீர்த்திகாவிடம் ஒப்படைத்தேன். அவள் அழுததை வீடியோ எடுத்துப் போட்டேன். அதில் அவர் என் தோளில் கை போட்டு, “நல்ல பொடியன் இவர்” என்கிறார். ஒன்பதாயிரம் பேர் பகிர்ந்தார்கள். அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான் அடுத்த வாரம் பிறை என்ற ஊரில் இருக்கும், நடக்க முடியாத சிறுவன் ஷர்வினுக்குச் சக்கர நாற்காலி வாங்கித் தந்தார்கள். பையன் இப்போது பள்ளிக்குப் போகிறான். ஐந்து மணி நேரத் தாமதத்துக்கு இது மோசமான பலன் இல்லை.

பிறகு பக்கம் அடங்கிவிட்டது. சிறுநீரக நோயாளியான யோகம்மாவுக்கு உதவி கேட்டு நான் போட்ட பதிவைப் பதினான்கு பேர் பகிர்ந்தார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமைகளில் கீர்த்திகா பசாருக்குக் காய்கறி வாங்கப் போகும் நேரம் எனக்குத் தெரியும். காரை அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஐயா கேட்டுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

“ஐயா, ஒரு சுற்றுப் போயிட்டு வருவோமா?”

“அதுக்கென்ன, போவம்.”

அவரே கேட்டைத் திறந்து, அவரே மறுபடி சாத்தினார். வற்புறுத்தவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் மனைவி ஷர்மினிக்கு அன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். வீட்டில் நானும் அவரும் மட்டும். அவருடைய வெள்ளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, என் பச்சை நிறப் பூப்போட்ட பாத்தேக் சட்டையைப் போட்டுவிட்டேன். வழியில் யாரும் அடையாளம் கண்டு விஷயத்தைக் கெடுத்துவிடக் கூடாது. கண்ணாடியில் பார்த்து, கல்யாண மாப்பிள்ளைபோல நிமிர்ந்து, “பொம்பிளை எங்க தம்பி?” என்றார். அதற்குள் கீர்த்திகா அழைத்துவிட்டாள். போஸ்டரில் வெள்ளை அரைக்கைச் சட்டை என்று போட்டேன்.

போன முறை பின்னணி சரியில்லை, கடை ஷட்டர்தான் தெரிந்தது. இந்த முறை கடல் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் அவரைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள் என்று கீர்த்திகாவை அங்கே இறங்குதுறை வாசலில் நிற்கச் சொன்னேன். மாலை ஃபெர்ரியில் நானும் ஐயாவும் ஏறினோம். வெள்ளைச் சட்டை என் பையில் இருந்தது. மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்.

“இது நல்லாக் கிடக்கு. நீர் அதைப் போடும்.”

வெயிலுக்கு நான் கொடுத்த கடைத் தொப்பியையும் கழற்றவில்லை. குழந்தைபோல அடம். எனக்குச் சிரிப்பு வந்தது. கரை நெருங்கியதும் அவரை விட்டுத் தள்ளி முன்னால் போய், கைபேசியைப் பிடித்தேன். கூட்டத்துக்கு அப்பால் கீர்த்திகாவின் முகம் திரையில் மிக நன்றாக விழுந்தது. அதையே எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை.

அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. பதினேழாவது வினாடியில் ஒரு பச்சைச் சட்டை கீர்த்திகாவின் தோளை உரசிக்கொண்டு போகிறது. அவள் திரும்பவில்லை. வெள்ளைச் சட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் ரயில் நிலையம் இருக்கும் பக்கம் நடக்கிறார், வேலைக்கு நேரமாகிவிட்டவரின் நடை. அங்கிருந்து எத்தனையோ ஊர்களுக்கு ரயில் போகிறது.

இன்று ஒன்பதாவது நாள். மாத்திரை டப்பா கீர்த்திகாவிடம்தான் இருக்கிறது. தினமும் அழைக்கிறாள்.

“வெள்ளச் சட்ட போட்ட யாரையாச்சும் பார்த்தாங்களாண்ணே?”

“எல்லாரும் தேடுறாங்கம்மா.”

அதன்பின் அவளும் வைப்பதில்லை, நானும் வைப்பதில்லை. இது எங்களுக்குள் ஒரு நெருக்கத்தை உண்டாக்கியிருக்கிறது.

சட்டையின் நிறத்தைத் திருத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். போஸ்டர் என்பது படம். அதற்குள் இருக்கும் எழுத்தை மாற்ற முடியாது. புதிதாகப் போட்டால் பகிர்வு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இது முப்பத்தோராயிரத்தைத் தாண்டிவிட்டது. ஈப்போவிலும் தைப்பிங்கிலும் முன்பின் தெரியாதவர்கள் அவருக்காக வேண்டிக்கொள்கிறார்கள். யோகம்மாவின் பதிவும் மெல்ல நகர ஆரம்பித்திருக்கிறது. இவ்வளவு பேருடைய அன்பை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளைச் சட்டையைத் துவைத்து, கசங்கல் இல்லாமல் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். அவர் கிடைத்ததும் முதலில் அதைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் போஸ்டர் பொய் என்று ஆகிவிடும்.