போசனப்பிரியத்தின் கண்கள்

சிலாபத்தில் இருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு பெண்கள். முந்தலில், முன்பு சோதனைச் சாவடி இருந்து இப்போது இளநீர் விற்கும் இடத்தைத் தாண்டியதும் இளையவள் வெடித்தாள்.

"என்ட மனிசனைப் பாவமாக் கீறி வச்சிருக்கிறானுகள், அக்கா!"

"என்ன பாவம்?"

"போசனப்பிரியம். மாதா கோயில் சுவரில ஏழு தலையான பாவமும் கீறியிருக்குத் தானே? ஆள் மொத்தமா இருக்கார் எண்டு படம் கீறுறவன் இவரைப் பாத்துக் கீறக் கூப்பிட்டு மேசையில இருத்தினான். முன்னுக்குப் பொரிச்ச கோழி, சிங்க இறால், பழம். இப்ப கரையில அவருக்குப் பேரே போசனம்தான்."

"நானும் பாத்தன், பிள்ளை. அந்தக் கண்ணைப் பாக்கவே பயமாயிருக்கு. எவ்வளவு திண்டாலும் அடங்காத ஆசை எண்டு உபதேசியார் பூசைக்குப் பிறகு விளங்கப்படுத்தினார்."

"ஆசையா? அது பசி! விடியக் கடலால வந்த மனிசன். கீறி முடியுமட்டும் ஒண்டிலயும் கை வைக்கக் கூடாதாம், மேசை கலைஞ்சிருமாம். பின்னேரம் வீட்ட வந்து பழஞ்சோறும் சம்பலும் திண்டார்."

 அக்கா மெல்லக் கேட்டார்.

"அப்ப மேசைக்குக் கீழ நிக்கிற நாய்? அது ஏழைகளாம், மிச்சத்துக்குக் காத்து நிக்குதாம் எண்டாரே?"

"ஓம். வெயில்ல கிடந்து கோழி பழுதாப் போச்சு எண்டு, அந்த ஏழைக்குத்தான் முழுக்கப் போட்டான்!"